சேர்மனுக்கு ஒரு தர்ம தரிசனம்

பெரிய மனிதர்களைப் பிடிப்பதில் ஆந்திர தேசத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆந்திரத்தோடு நிறுத்திக்கொள்வது என் அடக்கம். தமிழ்நாட்டையும் சேர்த்தால் வேலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது காணாமல் போன காலம்வரை கண்ட்ரோலராக உட்கார்ந்திருந்தவன் நான், தங்கவேலு. மைக்கில் நான் "வேலூர், வேலூர்" என்று கூப்பிட்டால் திருப்பதிக்குப் போக வந்தவன்கூட ஒரு கணம் யோசித்துவிட்டு வேலூர் வண்டியில் ஏறிவிடுவான். கலெக்டர் ஒருவர் என்னிடம் வழி கேட்டிருக்கிறார். கழிப்பறைக்குத்தான் கேட்டார், இருந்தாலும் கலெக்டர் கலெக்டர்தான்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தத் திறமையை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் கொத்தமல்லி விற்கிறவரிடம் செலவழித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் மனைவிக்கு ஒரு தேவை வந்தது.

தேவயானி இன்னும் வேலையில் இருக்கிறாள். சித்தூருக்கு வெளியே மாம்பழத்தைக் கூழாக்கும் ஒரு பல்ப் ஃபேக்டரியின் லேபுக்குச் சின்னப் பெண்ணாகப் போனவள், இன்று அங்கே தரக்கட்டுப்பாட்டு மேனேஜர். தோத்தாபுரிப் பழத்தை முகர்ந்தே அது எந்த ஊர்த் தோட்டம், தோட்டக்காரன் தன் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறானா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவாள்.

கம்பெனி வடமாலபேட்டையில் புதிதாக ஒரு ஃபேக்டரி கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பிளான்ட் ஹெட் தேவை. அந்த நாற்காலி தேவயானிக்கு வேண்டும். பந்தாவுக்காக இல்லை. மாம்பழ சீசனில் எங்கள் பக்கம் வந்து பார்த்தால் தெரியும், ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே லாரியும் டிராக்டருமாக வெயிலில் நாள்கணக்கில் நிற்கும். ரோட்டில் அந்த வரிசையின் வால் கர்நாடகத்தைத் தொடும். உள்ளே போவதற்குள் பழம் பாதி ஒழுகிவிடும். அந்த ஒழுகலுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வருஷா வருஷம் சண்டை போடுகிறவள் இவள்தான்.

"புது ஃபேக்டரிலயாவது இத மாத்தணும். நான் அங்க உக்காந்தாதான் மாத்த முடியும். ரிடயர் ஆவறதுக்கு முன்னாடி இதுதான் எனக்குக் கடைசி வண்டி" என்றாள் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே.

சிக்கல் என்னவென்றால், முடிவு செய்யவேண்டிய சேர்மன் ரமணா ராவ் ஹைதராபாத்தில் இருந்தார். தேவயானியின் முகம்கூட அவருக்குத் தெரியாது. சித்தூர் என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே முகம் அச்சுத், விற்பனை மேனேஜர். அச்சுத் கெட்டவன் இல்லை. ஆனால் விசிட்டிங் கார்டு இல்லாமல் அவன் குளிக்கப்போய் நான் பார்த்ததில்லை. சேர்மன் தும்மினால் அச்சுத்தின் போனில் அதற்கொரு வாழ்த்துச் செய்தி தயாராக இருக்கும். பிளான்ட் ஹெட் வேலை அவனுக்குத்தான் என்று கேன்டீனில் காபிகூடக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலில் மாம்பழ ஆலைக்காரர்களின் வருடாந்திரக் கூட்டம் வந்தது. சேர்மன் வருகிறார். மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு வரலாம்.

"நானும் வரேன்" என்றேன்.

"வாங்க. வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்காம எப்பிடி துன்றது?"

"துன்றதுக்கு மட்டும் தொறங்க."

ஓட்டல் ஹாலைப் பார்த்ததும் எனக்குப் பஸ் ஸ்டாண்டு ஞாபகம்தான் வந்தது. ஏசி போட்ட பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான். சேர்மன் மேடையிலிருந்து இறங்கியதும் தீபாவளிக்கு முந்தின நாள் சென்னை வண்டி வந்ததுபோல எல்லோரும் பாய்ந்தார்கள். கர்ச்சீப் போட்டு சீட்டுப் பிடிக்காததுதான் பாக்கி. தேவயானி அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுகிறவள், இங்கே நூறு பேர் சிரிப்புக்கு நடுவில் குரல் எடுக்கத் தெரியாமல் நின்றாள்.

"இடிச்சிக்கினு உள்ள போ தேவி."

"எனக்கு இடிக்க வராதுங்க."

"அப்ப என் பின்னாடி வா. வண்டி தொரத்தறவன் முட்டாளு. வண்டி எங்க நிக்கும்னு தெரிஞ்சவனுக்குத்தான் சீட்டு."

அவளைத் தயிர்சாதக் கவுண்டருக்கு அழைத்துப்போய் நிறுத்தினேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அந்தச் சாப்பாட்டில் எழுபது எண்பது வகை இருந்தது. சீனாக்காரர் சாப்பாடு, இத்தாலிக்காரர் சாப்பாடு, எந்த ஊர்க்காரரும் சாப்பிடாத சாப்பாடு எல்லாம் இருந்தது. ஆனால் ஒரு தெலுங்குப் பெரிய மனிதர் எங்கே சுற்றினாலும் கடைசியில் தயிரில்தான் வந்து நிற்பார். நிற்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். மாற்றவேண்டி வரவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரமணா ராவ் தட்டோடு நேராக எங்களிடம் வந்தார். பக்கத்தில் அவர் மனைவி மங்கம்மா, பட்டுப்புடவையில், முகத்தில் களைப்போடு.

"சார், நான் தேவயானி. சித்தூர் ஃபேக்டரில குவாலிட்டி மேனேஜர்."

"அவுனா? சொல்லுங்கம்மா. நான் மெட்ராஸ்ல படிச்சவன், தமிழ்லயே மாட்லாடலாம்."

"சீசன்ல நம்ம கேட்டுக்கு வெளிய லாரிங்க நிக்குது இல்ல சார், புது ஃபேக்டரில அதுக்கு ஒரு வழி..."

"சார்!" அச்சுத் எங்கிருந்து முளைத்தான் என்று தெரியவில்லை. தரையிலிருந்துதான் முளைத்திருக்க வேண்டும். "சார், குரூப் ஃபோட்டோ, எல்லாரும் வெயிட்டிங்." சேர்மனின் முழங்கையைப் பூப்போலப் பிடித்துத் திருப்பினான். தேவயானியின் வாக்கியம் தயிரில் விழுந்து மூழ்கியது. அவள் முகத்தை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று இருந்தது. கடைசி வண்டி போய்விட்டால் பயணிக்கு வருமே, அந்த முகம்.

எனக்குப் பொறுக்கவில்லை. வண்டி நகர்கிறது, எதையாவது குறுக்கே போட்டு நிறுத்தவேண்டும். எங்கள் ஊரில் எந்தப் பெரிய மனிதரையும் நிறுத்தக்கூடிய சொல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

"சார், தரிசனம் ஆச்சா?"

ரமணா ராவ் சட்டென்று திரும்பினார். மங்கம்மா அவருக்கு முன்னால் திரும்பினார்.

"எங்க?" என்றார் சேர்மன். "பி.ஏ. ஒரு வாரமா டிரை பண்றான். லெட்டர் எல்லாம் கொடுத்தோம், கிடைக்கல. நாளன்னைக்கு நாங்க கெளம்பணும். இவங்களுக்கு மொக்கு இருக்கு."

வேண்டுதல் இருக்கிறதாம். மங்கம்மாவின் கண்கள் என்னை ஏழுமலையானையே பார்ப்பதுபோலப் பார்த்தன. அப்படி யாராவது பார்த்தால் நான் வளர்ந்துவிடுவேன், அது என் உடம்பு வாகு.

"இதுக்கா சார் கவலப்பட்றீங்க? திருமலை நமக்குக் கொல்லப்புறம் மாதிரி. பெருமாள் நம்ம ஆளு. நாளைக்கு விடிகாலைல மலை அடிவாரத்துக்கு, அலிபிரிக்கு வந்துடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

என் இடுப்பில் தேவயானியின் கிள்ளு விழுந்தது. தரம் பார்த்துக் கிள்ளுகிறவள். இன்றுவரை தழும்பு இருக்கிறது.

சேர்மன் தன் சொந்த நம்பரை என் போனில் தானே அழுத்திக் கொடுத்தார். அச்சுத் கண்ணெதிரே. அந்த நம்பருக்காக அவன் விரதம்கூட இருந்திருப்பான்.

"நானும் வரேன் சார், துணைக்கு" என்றான் அச்சுத் உடனே.

சித்தூர் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில், பாகாலையைத் தாண்டியதும் தேவயானி ஆரம்பித்தாள்.

"யோவ்."

அவள் என்னை 'யோவ்' என்று கூப்பிட்டால் அது வெறும் சொல் அல்ல, அறிவிப்பு.

"டிக்கெட்டு எங்க இருக்குது?"

"ஏற்பாடு பண்ணலாம்."

"எப்பிடி?"

"இரு, எனக்குத் தெரியாத ஆளா?"

பாஷ்யத்துக்குப் போன் போட்டேன். திருமலைக் கைங்கரியக் குடும்பம், வேலூர் வண்டியில் எனக்கு நெடுநாள் சிநேகிதர். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு பஸ் முழுக்கக் கேட்டது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ஓய் தங்கவேலு, போன வாரம் என் சொந்த மச்சினன் வந்தான். தர்ம தரிசனத்துலதான் போய் நின்னுண்டிருந்தான். என் ஆத்துக்காரி இன்னும் என்னோட பேசல. உம்ம சேர்மனுக்கு நான் எங்க போறது? நிக்கச் சொல்லுங்காணும். பெருமாளே நின்னுண்டுதான் இருக்கார்."

இன்னும் சில பேரிடம் முயன்றேன். திருப்பதியில் இருக்கும் ஒவ்வொருவனும் தனக்குத் தரிசனம் வாங்கித் தர இன்னொருவனைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தச் சங்கிலியை இழுத்துக்கொண்டே போனால் கடைசி ஆள் என்னையே கை காட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் தேவயானி கையை நீட்டினாள். "போன குடுங்க."

"இரு, நான் பக்குவமா சொல்றேன். திடீர்னு கோயில்ல ஏதோ விசேஷம்னு..."

"ஒரு பொய்க்கு மேல இன்னொரு பொய்யா? அழுகின பழத்து மேல நல்ல பழம் அடுக்கி வெக்கறவங்கள நான் கேட்டுல நிறுத்தி வெக்கறவ. வீட்டுக்குள்ள விடுவனா?"

போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், எனக்குத் தண்டனையாக.

"சார், தேவயானி பேசறேன். என் வீட்டுக்காரர் சொன்னது வெறும் வாய்ப்பந்தல். எங்களுக்கு அங்க யாரையும் தெரியாது. டிக்கெட்டு கெடையாது. நீங்க நம்பி வந்து ஏமாறக் கூடாதுன்னு சொல்றேன்."

அவள் வேலை, நாற்காலி, வடமாலபேட்டை எல்லாம் அந்தப் போனில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் பூஜை அறைப் பக்கம் நகர்ந்தேன்.

"அப்போ நாளைக்கு நீங்க எப்படி?" சேர்மனின் குரலில் சர்க்கரை இல்லை.

"நாங்க எப்பவும் போற மாதிரி தர்ம தரிசனம்தான் சார். இவர அங்க கூட்டினு போய் நிக்க வெச்சாதான் புத்தி வரும். நாங்க போறோம்."

ஏதோ இழுபறிச் சத்தம். பிறகு மங்கம்மாவின் குரல். "அம்மா, மேமு கூட வஸ்தாம். நாங்களும் வர்றோம். இவர் ஜென்மத்துல ஒரு லைன்ல நின்னது கிடையாது. ஒரு தடவை நிக்கட்டும்."

மறுநாள் விடிகாலை அலிபிரியில் சேர்மன் வேட்டி கட்டிக்கொண்டு, மனைவியின் பின்னால், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவரப்பட்டவர்போல வந்தார். அச்சுத் பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் இவ்வளவு பெரிய நாமம். விசேஷ வழி என்று நினைத்துக்கொண்டிருந்தான் பாவம். மலைமேலே தர்ம தரிசன வரிசையின் வாயிலைப் பார்த்ததும் அவன் நாமம் கொஞ்சம் சுருங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

"சார், இதுலயா? எவ்ளோ நேரம் ஆகும்?"

"உள்ள போனா தெரியும்" என்றேன்.

"போன்?"

"வெளியவே குடுத்துடணும்."

போன் இல்லை என்றதும் அவனுக்கு மூச்சு வாங்கியது. "சார், ஒரு அவசர கிளையன்ட் கால் இருக்குது. நான் கீழ போய் நீங்க எறங்கி வர்றதுக்கு எல்லாம் ரெடி பண்ணி வெக்கறேன்." போயே போய்விட்டான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓடக்கூடியவனை நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் நான்கு பேரும் வரிசையில் நகர்ந்து நகர்ந்து ஒரு காத்திருப்புக் கூடத்துக்குள் அடைக்கப்பட்டோம். கம்பிக் கதவு சாத்தப்பட்டது. எப்போது திறக்கும் என்று பெருமாளுக்கே தெரியாது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்து உடம்பெல்லாம் சிலிர்த்தது. நேற்று நூறு பேர் முழங்கையால் இடித்தும் ஒரு நிமிஷம் கிடைக்காத மனிதர், இன்று போன் இல்லாமல், பி.ஏ. இல்லாமல், செருப்புகூட இல்லாமல் என் மனைவிக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போக முடியாது. பூட்டியிருக்கிறது. உலகத்தில் எந்த ஓட்டல்காரனாலும் இப்படி ஒரு கூட்டம் ஏற்பாடு செய்ய முடியாது. நான் திட்டம் போட்டுத்தான் செய்தேன் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

முதலில் சேர்மன் மிகவும் அவதிப்பட்டார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், போன் இல்லாததைத் தடவும், திரும்பி வரும். மங்கம்மா தேவயானியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பிறகு உப்புமா வந்தது. சேர்மன் வேண்டாம் என்றார், பிறகு கொஞ்சம் என்றார், பிறகு என்னுடையதைப் பார்த்தார். கொடுத்தேன்.

"தள்ளிக் குந்து நைனா" என்று ஒரு குரல். மூட்டையோடு ஒரு பெரிய உருவ அம்மாள். "ஒத்த ஆளு நாலு பேரு எடத்தப் புட்ச்சிக்கினு கீறியே."

ரமணா ராவ் தள்ளி உட்கார்ந்தார். அவரை 'நைனா' என்று கூப்பிட்டுத் தள்ளி உட்காரச் சொன்ன கடைசி ஆள் அவருடைய அம்மாவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்த அம்மாள் பெயர் செல்லியம்மா. வடமாலபேட்டைக்காரி, கொஞ்சம் தோத்தாபுரித் தோட்டம் இருக்கிறது. நாங்கள் பல்ப் ஃபேக்டரி ஆட்கள் என்று என் வாய் சொல்லிவிட்டது. சேர்மன் என்று மட்டும் சொல்லவில்லை, எனக்கும் கொஞ்சம் அறிவு உண்டு.

"ஜூஸு ஃபேக்டரியா? நல்லா கீறீங்களா?" செல்லியம்மா காலை மடக்கிக்கொண்டு சண்டைக்கு வாகாகத் திரும்பினாள். "எம் புள்ள பழத்த ஏத்திக்கினு வந்து உங்க கேட்டுக்கு வெளிய டிராக்டர்லயே படுத்துக்கினு கெடந்தான். பழம் ஒழுகிக்கினு போச்சு. உள்ள போனா, 'பழம் சரியில்ல'ன்றீங்க. நல்லாத்தான் இருந்திச்சு, நீங்க நிக்க வெச்சப்பறம்தான் கெட்டுப்போச்சு!"

சேர்மன் எதிர்ச்சுவரைப் பார்த்தார். அவர் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்தாயிற்று, இடுப்பு வலி. நிற்க வைக்கப்படுவது என்றால் என்ன என்று அவருடைய முதுகெலும்பு அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்றது சரிக்கா" என்றாள் தேவயானி. "உங்க ஊர்ல வர்ற புது ஃபேக்டரில அப்பிடி இருக்கக் கூடாதுன்னு நானும் பாக்கறேன். கீழ திருப்பதில தரிசனத்துக்கு டோக்கன் குடுக்கறாங்க இல்ல? அந்த மாதிரி பழத்துக்கும் குடுக்கணும். காய் மரத்துல இருக்கறப்பவே உங்களுக்கு நாளும் நேரமும் சொல்லிட்டா, அப்ப அறுத்து அப்ப எடுத்துக்கினு வரலாம்."

"டோக்கன் வாங்கினவன் வரலைன்னா?" கேட்டது சேர்மன். "மழை பெஞ்சா? என் மெஷின் சும்மா நிக்கணுமா?"

'என் மெஷின்' என்றதை செல்லியம்மா கவனிக்கவில்லை.

"அதுக்குத்தான் சார், டோக்கன் இல்லாத வண்டி கொஞ்சம் எப்பவும் கைல இருக்கணும். ஆனா ரோட்டுல இல்ல. கேட்டுக்கு உள்ள, ஷெட்டுல. இப்ப நாம உக்காந்திருக்கோமே, இந்த மாதிரி. மேல கூரை, காத்து, தண்ணி, கக்கூசு. பழம் நெழல்ல இருந்தா ஒரு நாள் தாங்கும். வெயில்ல தாங்காது."

"அவ்ளோ இடத்தை ஷெட்டுக்கு விட்டா, கூழ் டிரம் அடுக்கறது எங்க?"

"டிரம்ம வெளிய கூட அடுக்கலாம் சார். அது அழுகாது."

சேர்மன் தரையில் விரலால் கோடு போட ஆரம்பித்தார். கேட் இங்கே, எடை மேடை இங்கே. தேவயானி அவர் கோட்டை அழித்து வேறு கோடு போட்டாள். நேற்று குரல் எடுக்கத் தெரியாமல் நின்றவளா இவள்? பக்கத்தில் இருந்த நான்கைந்து குடும்பம் எட்டிப் பார்த்தது. ஒருவர் எடை மேடையை இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளச் சொன்னார், வாஸ்துவுக்காக.

செல்லியம்மா மட்டும் மசியவில்லை. "டோக்கன எல்லாம் பெரிய தோட்டக்காரங்களே வாங்கிக்குவாங்க. இங்க இருக்கற மாதிரி அங்கயும் ஒரு வி.ஐ.பி. வழி வெப்பீங்க. நாங்க மறுபடி ரோட்டுலதான்."

கூடமே சிரித்தது. தேவயானி சிரிக்கவில்லை.

"நான் இருக்கற வரைக்கும் கெடையாதுக்கா. எங்க சேர்மனோட மச்சான் பழமா இருந்தாலும் வரிசைலதான் வரும்."

நான் அவசரமாக அவள் முழங்கையை இடித்தேன். ஏனென்றால் சேர்மனுக்கு உண்மையிலேயே ஒரு மச்சான் இருந்தார். மங்கம்மாவின் தம்பி. ஊரில் பாதி மாந்தோப்பு அவருடையது, மீதிப் பாதியைப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சீசனில் அவருடைய லாரிகள் எந்த வரிசையையும் பார்த்ததில்லை, நேராக உள்ளேதான். இது தேவயானிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவள் தோளில் சாய்ந்திருந்த மங்கம்மா கண்ணைத் திறந்தார். எப்போதிலிருந்து விழித்திருந்தாரோ.

"என் தம்பியைத்தானே சொல்ற?"

"ஆமாம்மா." தேவயானியின் குரல் ஆடவில்லை. "தெரிஞ்சேதான் சொன்னேன். அவர் வண்டி ஒண்ணு உள்ள போனா, இவங்க புள்ள வண்டி ஒண்ணு வெயில்ல நிக்குது."

போயிற்று என்று நினைத்தேன். நாற்காலி, மேஜை, ஃபேக்டரி, எல்லாம் போயிற்று. இருக்கும் வேலையும் போயிற்று. மங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கணவரைப் பார்த்தார்.

"போன வருஷம் நம்ம வீட்டுக்கு ஒரு கூடை அனுப்பினானே, ஞாபகம் இருக்கா? மேல நாலு நல்ல பழம், கீழ எல்லாம் கூழு. அக்கா வீட்டுக்கே அப்படி அனுப்பினவன், ஃபேக்டரிக்கு எப்படி அனுப்புவான்? சரிகா செப்பிந்தி. இந்தம்மா சரியாத்தான் சொல்றா."

செல்லியம்மா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அட நைனா, நீதானா அது?" என்று வாயில் கை வைத்தாள். ஆனால் இடத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ரமணா ராவ் தரையில் இருந்த கோட்டின்மேல் விரலை ஒருமுறை ஓட்டினார். "இதை ஏன்மா இத்தனை வருஷமா யாரும் என்கிட்ட சொல்லல?"

"நேத்து தயிர்சாதத்துகிட்ட ஆரம்பிச்சேன் சார். நீங்க ஃபோட்டோவுக்குப் போயிட்டீங்க."

அவர் தலையைச் சொறிந்தார்.

"சார்" என்றாள் தேவயானி. கைப்பை இல்லை, அணைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மாவில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள். "வடமாலபேட்டை பிளான்ட் ஹெட் வேலை எனக்கு வேணும். அத கேக்கத்தான் நேத்து வந்தேன். வேற யாருக்குக் குடுத்தாலும் இந்த ஷெட்டு வராது."

ரமணா ராவ் வாயைத் திறந்தார். கம்பிக் கதவும் அப்போதுதான் திறந்தது. "கோவிந்தா!" என்று கூடமே எழுந்தது. ஆயிரம் பேர், இல்லை, லட்சம் பேர் ஒரே சமயத்தில் ஓடினார்கள். சேர்மனின் பதிலை யாரோ மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதன்பிறகு கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டம். மங்கம்மாவின் கையைத் தேவயானி பிடித்துக்கொண்டாள். சேர்மனை செல்லியம்மா தன் மூட்டையாலேயே முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். நான் சேர்மனின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓடினேன். முதுகில் பதில் ஏதாவது தெரிகிறதா என்று. தெரியவில்லை. சன்னதி வந்தது. பெருமாள் வந்தார். கண்ணை இமைத்தேன், வெளியே நின்றேன்.

"இன்னா தேவி வேண்டிக்கினே?" என்றேன் மூச்சு வாங்க.

"கேக்க வேண்டியத கேக்க வேண்டியவர்கிட்ட உள்ளயே கேட்டுட்டேன். பெருமாள சும்மாத்தான் பாத்தேன். நல்லா இருந்தாரு."

அவளுக்கு வியர்த்திருந்தது. பதற்றத்தில் இல்லை என்று சொன்னாள். நான் நம்பியதாகச் சொன்னேன்.

மங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். பெருமாளைத் தரையில் உட்கார்ந்து காத்திருந்து பார்த்தது இதுதான் முதல் முறையாம், முன்பெல்லாம் பார்த்தது பார்த்த மாதிரியே இல்லையாம். சேர்மன் நொண்டிக்கொண்டு வந்தார். போன் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் அவருடைய போனை வாங்கியதும் அது பேய் பிடித்ததுபோல உதறியது. அச்சுத்திடமிருந்து வந்ததே எத்தனையோ. கீழே மாலை தயார், கார் தயார், ஃபோட்டோக்காரரும் தயார் என்று.

சேர்மன் அதையெல்லாம் தள்ளிவிட்டு தேவயானியிடம் திரும்பினார். "திங்கக்கிழமை வடமாலபேட்டை சைட்டுக்கு வாங்க. ஷெட் எங்க வரணும்னு காட்டுங்க."

"எந்த வேலையா வரணும் சார்? குவாலிட்டி மேனேஜராவா?"

விடமாட்டாள். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"ஆர்டர் சாயங்காலம் வருதும்மா. நம்புங்க."

"ஆர்டர் நாளைக்கு வந்தாலும் பரவால்ல சார். நாம கோடு போட்ட எடத்துல இல்லாம ரோட்ட ஒட்டி கேட்டுக்கு இன்னிக்குக் கான்கிரீட்டு போட்றதா இருக்காங்க. போட்டுட்டா பேக்க முடியாது. அத மட்டும் இப்பவே நிறுத்தச் சொல்லுங்க."

ரமணா ராவ் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார். வெறுங்காலோடு, வெயில் சுடாமல் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு, சைட் இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"கேட் பனி ஆபண்டி. லேது லேது, நேனு காது. கொத்த பிளான்ட் ஹெட் மேடம் சோமவாரம் வஸ்தாரு. ஆவிட எக்கட செப்தே அக்கட."

எனக்குத் தெலுங்கு தாய்மொழி மாதிரி, தேவயானிக்குத் தாய்மொழியைவிட நன்றாக வரும். இருந்தாலும் அவள் என்னிடம் திரும்பி, "இன்னா சொன்னாரு?" என்றாள்.

"கேட்டு வேலைய நிறுத்தச் சொல்றாரு. புது பிளான்ட் ஹெட் மேடம் திங்கக்கிழமை வராங்களாம். அவங்க எங்க சொல்றாங்களோ அங்கயாம்."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன். மூன்றாம் முறை அவள் கேட்காமலே சொன்னேன்.

சேர்மன் எங்களையும் காரில் ஏறச் சொன்னார். தேவயானி பஸ்ஸிலேயே வருகிறோம் என்றுவிட்டாள். நல்லதாகப் போயிற்று, காரில் யாரிடம் சொல்வது? மலைப் பாதையின் முதல் வளைவு திரும்புவதற்குள் பஸ் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டாவது வளைவில் ஃபேக்டரி இந்தியாவிலேயே பெரிதாகி, அடிவாரம் வருவதற்குள் ஆசியாவிலேயே பெரிதாகியிருந்தது. பின் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து, கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டே எங்களிடம் வந்தார். மொட்டை அடித்த தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"மேடம், நமஸ்காரம். எம் பையன் பி.டெக். முடிச்சிட்டு சும்மாத்தான் கீறான். பேரு சிரஞ்சீவி. நீங்க பாத்து ஒரு வார்த்த..."

தேவயானி லட்டைப் பிட்டுப் பாதியை என் கையில் வைத்தாள். மீதியை வாயில் போட்டுக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"பையன நேரா வந்து கேக்கச் சொல்லுங்க" என்றாள்.